ஒப்பாரிக்கு ஒரு பெட்டகம்

கட்கி ஆயுதத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவரிடம் நானூறுக்கு மேற்பட்ட நாட்டுப்புறப் பாடல்கள் இருக்கின்றன. தாலாட்டு, நடவுப் பாட்டு, பெரும்பகுதி ஒப்பாரி. விழுப்புரம் பக்கத்திலிருந்து கல்யாணமாகிப் புனேவுக்கு வந்த அவருடைய அம்மா சொல்லச் சொல்ல, ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து தட்டச்சு செய்தவை. 1998-ல் ஆரம்பித்து ஐந்து வருடம் நடந்த வேலை. 2004-ல் அம்மா காலமானார். பாடல்கள் ஒரு பழைய கம்ப்யூட்டரிலும், கொஞ்சம் ஆடியோ கேசட்டுகளிலும் தங்கிவிட்டன.

"தம்பி, வீட்டிலயே ஒரு சர்வர் போட்டு எல்லாத்தையும் பத்திரப்படுத்தணும். இது சரியா இருக்குமா பாருங்க" என்று சதாசிவ் பேட்டில் ஒரு கடைக்காரர் எழுதிக்கொடுத்த சீட்டை நீட்டினார். மொத்தம் 85,000 ரூபாய். பாதிக்கு மேல் பிராசஸருக்கும் மதர்போர்டுக்கும் போயிருந்தது. கண்ணாடி போட்ட, உள்ளே வண்ண விளக்கு எரிகிற கேபினெட் வேறு. கடைசி வரியில் ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க். அம்மாவின் பாடல்கள் குடியிருக்கப் போவது அந்தக் கடைசி வரியில்தான்.

வீட்டு சர்வர் என்பது இரண்டு வேலை செய்கிற பெட்டி. ஒன்று, பைல்களைச் சேமித்து வீட்டில் உள்ள எல்லாக் கம்ப்யூட்டர்களுக்கும் கொடுப்பது. இன்னொன்று, ஒரே இயந்திரத்துக்குள் பல கம்ப்யூட்டர்கள் இருப்பதுபோல் நடத்திக் காட்டுவது. இதற்கு நம்மவர்கள் 'மெய்நிகர்' என்று சொல் செய்திருக்கிறார்கள். தமிழ் படித்தவன் என்ற முறையில் எனக்குப் பிடித்த சொல்லாக்கம். பொய் என்றும் சொல்லவில்லை, மெய் என்றும் சாதிக்கவில்லை. ஐபிஎம் தன் பெரிய இயந்திரங்களுக்கு 1972-லேயே இப்படி ஒரு மென்பொருளை வெளியிட்டது. சாதாரண வீட்டுக் கம்ப்யூட்டரின் சிப்பிலேயே இந்த வசதியை இன்டெல் 2005-ல் வைத்தது. இன்று பிராக்ஸ்மாக்ஸ் போன்ற இலவச மென்பொருளைப் போட்டு யாரும் நடத்தலாம்.

ஒப்பாரிப் பாட்டுக்கு இது எதற்கு என்று கேட்கலாம். 1998-ல் தமிழில் தட்டச்சு செய்த எவருக்கும் பதில் தெரிந்திருக்கும். அப்போது ஒவ்வொரு எழுத்துரு நிறுவனமும் 'அ'வுக்கும் 'ழ'வுக்கும் தன் இஷ்டப்படி ஓர் எண் கொடுத்தது. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால், கொம்பும் புள்ளியும் முளைத்த ஐரோப்பிய எழுத்துக்கள்தான் வரும். இந்தப் புனேவில் 1988-ல் தொடங்கப்பட்ட சி-டாக் நிறுவனத்தை பரம் சூப்பர் கம்ப்யூட்டருக்காக எல்லோரும் நினைவு வைத்திருக்கிறார்கள். இந்திய மொழிகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்கும் அது பல வருடம் உழைத்தது. எல்லா மொழிக்கும் பொதுவான இஸ்கி குறியீட்டை இந்தியத் தர நிர்ணய அமைப்பு 1991-ல் அறிவித்தது. தமிழ் அச்சகங்கள் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1999-ல் தமிழக அரசு டாப், டாம் என்று இரண்டு தரங்களை ஏற்றது. 2010-ல்தான் யூனிகோடுக்கு வந்து சேர்ந்தது. இடையில் எழுதப்பட்ட தமிழ் எவ்வளவோ இப்படிப் பூட்டிக் கிடக்கிறது.

பிரபலமான எழுத்துருக்களுக்கு மாற்றிகள் உண்டு. நண்பர் பயன்படுத்தியதற்கு எனக்குத் தெரிந்து இல்லை. அந்தப் பழைய மென்பொருளைப் பழைய விண்டோஸில்தான் ஓட்டியாக வேண்டும். அந்த விண்டோஸை நிஜக் கம்ப்யூட்டரில் வைத்துக் காப்பாற்றுவதைவிட மெய்நிகர் கம்ப்யூட்டரில் குடிவைப்பது சுலபம். (விண்டோஸ் 98 இன்றைய வேகமான சிப்புகளில் தடுமாறும். எக்ஸ்பி கொஞ்சம் பணிவானது. இரண்டில் எதையும் இன்டர்நெட் பக்கம் விடக்கூடாது.)

இப்படித் தேவையிலிருந்து கணக்குப் போட்டால் சீட்டின் மேல்பாதி சுருங்கிவிடுகிறது. எக்ஸ்பிக்கு 512 மெகாபைட் நினைவகம் தாராளம். அதோடு பைல்களைப் பரிமாற ஒரு சர்வர், போட்டோக்களுக்கு ஒன்று என்று ஓட்டினாலும் நான்கு கோர் பிராசஸரும் 16 ஜிகாபைட் நினைவகமும் போதும். மெய்நிகர் கம்ப்யூட்டர்கள் முதலில் தின்று தீர்ப்பது நினைவகத்தைத்தான். ஆகவே பின்னால் கூட்டிக்கொள்ள ஓர் இடம் காலியாக இருக்கட்டும். செயற்கை நுண்ணறிவுக்காரர்கள் வாரிக்கொண்டு போனதில் 2025 கடைசியில் நினைவக விலை எக்கச்சக்கமாக ஏறியது. ஆசைக்காக 64 வாங்குவது கண்ணாடி கேபினெட் ரகச் செலவு.

கம்பெனிகள் கழித்துவிட்ட பெரிய சர்வர்கள் செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கும். பார்க்க ராஜகம்பீரம். சும்மா இருக்கும்போதே 100 வாட் குடிக்கிற ரகம். 24 மணி நேரமும் ஓடினால் வருடத்துக்கு 876 யூனிட். 20 வாட்டில் ஓடும் சின்னக் கம்ப்யூட்டருக்கு 175 யூனிட். யூனிட் 10 ரூபாய் என்று வைத்தாலும் வருடத்துக்கு ஏழாயிரம் ரூபாய் வித்தியாசம். விசிறிச் சத்தம் இலவசம். அதைப் படுக்கையறையோடு சேர்ந்த இரண்டு அறை வீட்டில் வைத்துக்கொண்டு தூங்க முடியாது.

இப்போது டிஸ்க். மெய்நிகர் கம்ப்யூட்டர்கள் குடியிருக்க 500 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று போதும். அதைப் பீரோவில் வைத்துப் பாதுகாக்கும் பொருளாக நினைக்காதீர்கள். மின்சாரம் காட்டாமல் வருடக்கணக்கில் போட்டு வைத்தால் எஸ்எஸ்டி எழுதியதை மறக்கக்கூடும். சேமிப்புக்குச் சுழலும் ஹார்ட் டிஸ்க்தான்.

அதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஓட்டுக் கூரையை நினைத்துக்கொள்ளுங்கள். ஓடுகளை ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் ஏற்றி அடுக்குவதுபோல், சில ஹார்ட் டிஸ்க்குகளில் தகவல் தடங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி எழுதுகிறார்கள். இது எஸ்எம்ஆர். அதே தட்டில் அதிகம் கொள்ளும். ஆனால் நடுவில் ஓர் ஓட்டை மாற்ற வேண்டுமென்றால் அடுத்தடுத்த ஓடுகளையும் பிரித்து வேய வேண்டும். தடங்களைத் தனித்தனியாக எழுதுவது சிஎம்ஆர். அன்றாடம் பைல் போட்டு எடுக்க முதலாவதே போதும். இரண்டு டிஸ்க்கை ஜோடியாக ஓட்டி, ஒன்று செத்து, புதியதில் எல்லாவற்றையும் திரும்ப எழுதும் நாளில்தான் அது திணறும். பொறுமையிழந்த சர்வர் நல்ல டிஸ்க்கையே 'கெட்டுவிட்டது' என்று தள்ளிவிடுவதும் நடந்திருக்கிறது. வீட்டு சர்வருக்கென்றே விற்ற ரெட் வரிசையில் சில டிஸ்க்குகள் எஸ்எம்ஆர் என்பதை வெஸ்டர்ன் டிஜிட்டல் 2020 ஏப்ரலில்தான் ஒப்புக்கொண்டது. அதற்குமுன் பெட்டியில் எங்கும் அப்படி எழுதவில்லை. இப்போது ரெட் பிளஸ் என்றால் சிஎம்ஆர். சீகேட்டில் அயர்ன்வுல்ஃப். கடையில் இந்த மூன்றெழுத்தைக் கேளுங்கள். தெரியாது என்றால் அடுத்த கடை.

ஒன்றுக்கு இரண்டாக வாங்கி, ஒன்றில் எழுதுவதை மற்றதும் எழுதும்படி வைக்க வேண்டும். 4 டெராபைட் போதும். (திரையில் 3.63 என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. கம்பெனி ஆயிரத்தால் பெருக்குகிறது, விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது.) இரண்டையும் ஒரே நாளில் ஒரே அட்டைப் பெட்டியிலிருந்து எடுக்க வேண்டாம். ஹியூலெட் பேக்கர்ட் என்டர்பிரைஸ் தன் சில எஸ்எஸ்டிகளைப் பற்றி 2019 நவம்பரில் ஓர் எச்சரிக்கை விட்டது. மென்பொருள் கோளாறால் அவை 32,768 மணி நேரம் ஓடியதும், அதாவது 3 வருடம் 270 நாள் 8 மணி நேரத்தில், செத்துப்போகும். ஒரே நாளில் ஓடத் தொடங்கிய இரட்டையர் ஒரே நாளில் போய்ச் சேருவார்கள்.

ஜோடி டிஸ்க்கை 'பேக்கப்' என்று நினைப்பவர்கள் அதிகம். தப்பித் தவறி ஒரு பாட்டை அழித்தால் இரண்டிலும் அழியும். வைரஸ் பூட்டினால் இரண்டும் பூட்டப்படும். டிஸ்க் செத்த அன்றைக்கு வேலை நிற்காமல் இருக்க ஜோடி. பாட்டு பிழைக்க, தனியாக இன்னொரு டிஸ்க். அதுவும் வேறு வீட்டில். புனேக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1961 ஜூலை 12-ல் பான்ஷெத் அணை உடைந்து, ஆற்றோரப் பேட்டைகளில் வீடு வீடாக வெள்ளம் புகுந்தது. பழைய கதை என்றால், 2019 செப்டம்பர் 25 இரவு அம்பில் ஓடை பெருகியது. 2024 ஜூலையில் சிங்கட் சாலை ஏக்தா நகரிக்குள் தண்ணீர் வந்தது. எந்த சர்வரும் தரைத்தளத்தில், தரையில் இருக்க வேண்டாம். நண்பரின் தங்கை திண்டிவனத்தில் இருக்கிறார். வருடத்துக்கு இரண்டு தடவை ஊருக்குப் போகும்போது ஒரு டிஸ்க்கைக் கொடுத்து, பழையதை வாங்கி வரலாம். கிளவுடை விடத் தாமதம்தான். மாதச் சந்தா கிடையாது.

இதெல்லாம் பெட்டி வந்த பிறகு. அதற்குமுன் செய்ய வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது, சில நூறு ரூபாய்தான் செலவு. பழைய கம்ப்யூட்டரைச் சும்மா சும்மா போட்டுப் பார்ப்பதை இன்றே நிறுத்துங்கள். அந்த டிஸ்க்கைக் கழற்றி, யுஎஸ்பியில் செருகும் மாற்றி ஒன்றில் மாட்டி, டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருளால் முழு டிஸ்க்கையும் அச்சாக ஒரு பைலாக எடுத்துவிட வேண்டும். அந்த பைலின் நகலையே மெய்நிகர் கம்ப்யூட்டருக்கு ஹார்ட் டிஸ்க்காகக் கொடுத்துப் பார்க்கலாம். சில சமயம் பழைய விண்டோஸ் அப்படியே எழுந்து உட்காரும். சில சமயம் முரண்டு பிடிக்கும். எழுந்தால் எழுத்துருவும் மென்பொருளும் உள்ளேயே இருக்கும். பாடல்களை அங்கே திறந்து பிடிஎஃப் ஆக வெளியே எடுத்து, பார்த்துப் பார்த்து யூனிகோடில் அடிக்க வேண்டியதுதான். சில மாத வேலை. தட்டச்சில் பாதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். கேசட்டுகளையும் தள்ளிப்போடக் கூடாது.

வியாழக்கிழமை மின்வெட்டை மறந்துவிட்டேன் என்று புனே வாசகர்கள் நினைக்க வேண்டாம். வீட்டு இன்வர்ட்டர் நிதானமாகத்தான் கை மாற்றும். அதற்குள் கம்ப்யூட்டர் அணைந்துவிடும். யுபிஎஸ் முறையில் ஓட அதில் ஒரு சுவிட்ச் இருந்தால் போடுங்கள். இல்லையென்றால் சின்னதாக ஒரு யுபிஎஸ் தனியாக வேண்டும். மின்சாரம் போனால் சர்வருக்குத் தகவல் சொல்லி, அதை ஒழுங்காக மூட வைக்கிற ரகம்.

டிஸ்க் வாங்கும்போது இன்னொன்று. 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில் புதியது என்று விற்ற சீகேட் டிஸ்க்குகள் பல ஆயிரம் மணி நேரம் ஓடியவை என்று தெரிய வந்தது. ஓடிய நேரம் காட்டும் கணக்கை யாரோ பூஜ்யத்துக்குத் திருப்பியிருந்தார்கள். டிஸ்க்குக்குள் இருந்த இன்னொரு பதிவேடுதான் காட்டிக்கொடுத்தது. அவற்றைத் தான் விற்கவில்லை என்றது சீகேட். ஆகவே உறையைக் கிழிக்கும் முன் சீரியல் எண்ணைக் கம்பெனியின் இணையப் பக்கத்தில் போட்டு, உத்தரவாதம் எந்தத் தேதி வரை என்று கடையிலேயே பாருங்கள். பில்லிலும் அதே எண்ணை எழுதி வாங்குங்கள்.