வளைவு திரும்பிய இடம்

பிளஸ் டூ கணிதத்தில் வாடிக்கையான கேள்வி அது. ஒரு சார்பைக் கொடுத்து, அதன் பெரும, சிறும மதிப்புகளையும் வளைவு மாற்றப் புள்ளியையும் காணச் சொல்வார்கள். வகைக்கெழுவைக் கண்டுபிடி, பூஜ்யத்துக்குச் சமப்படுத்து, இன்னொரு முறை வகையிடு, குறியைப் பார். மதிப்பெண் கிடைத்துவிடும். தேர்வு முடிந்ததும் மாணவர் அதை மறந்தும்விடுவார்.

ஆனால் இந்தியாவின் மக்கள்தொகையை ஒரு கோடாக வரைந்தால் இந்த மூன்று புள்ளிகளும் அதில் இருக்கின்றன. அவற்றைப் பார்க்கத் தவறியதற்கு நாடு ஒரு முறை பெரிய விலை கொடுத்திருக்கிறது.

முதல் புள்ளி 1921. 1911-இல் 25.21 கோடியாக இருந்த மக்கள்தொகை 25.13 கோடியாக இறங்கியிருந்தது. 1918-இன் இன்ஃப்ளூயன்ஸா செய்த வேலை அது. 1931-இல் 27.90 கோடி. இறங்கிய கோடு ஏறத் தொடங்கும் இடத்தில் சரிவு ஒரு கணம் பூஜ்யமாகும். முதல் வகைக்கெழு பூஜ்யம், இரண்டாம் வகைக்கெழு மிகை எண் என்றால் அது சிறுமம். 1921-ஐ மக்கள்தொகை ஆய்வாளர்கள் ‘பெரும் பிரிவினை ஆண்டு’ என்கிறார்கள். அதற்குப் பிறகு கோடு இறங்கவே இல்லை.

இரண்டாவது புள்ளிதான் ஏமாற்றுவது. ஒவ்வொரு பத்தாண்டிலும் கூடியவர்களின் எண்ணிக்கையைப் பார்க்கலாம். 1961-71-இல் 10.89 கோடி, அடுத்து 13.52 கோடி, 16.31 கோடி, 1991-2001-இல் 18.23 கோடி. 2001-11-இல் 18.21 கோடி. கோடு ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் ஏறும் வேகம் உச்சத்தைத் தொட்டுவிட்டது. இரண்டாம் வகைக்கெழு மிகையிலிருந்து பூஜ்யம் வழியாகக் குறைக்கு மாறும் இந்த இடமே வளைவு மாற்றப் புள்ளி. அங்கே நிற்பவருக்கு எதுவும் மாறியதாகத் தெரியாது. கோட்டின் மிகச் செங்குத்தான இடமும் அதுதான்.

உயரத்தை மட்டும் பார்த்தால் பயம் வரும். நெருக்கடி நிலையின்போது, 1976-77 என்ற ஒரே ஆண்டில் 80 லட்சத்துக்கும் அதிகமானவர்களுக்குக் கருத்தடை அறுவை சிகிச்சை நடந்தது. பலருக்குக் கட்டாயத்தின் பேரில். ஆனால் 1961-71-இல் 24.8 சதவீதமாக இருந்த பத்தாண்டு வளர்ச்சி அதன் பிறகு ஏறவில்லை. கேரளத்தில், பெண் கல்வி பரவி, குழந்தைகளின் மரணம் குறைந்து, 1980-களின் இறுதியிலேயே ஒரு பெண்ணுக்குச் சராசரியாக இரண்டு குழந்தை என்ற நிலை வந்துவிட்டது. நாடு முழுவதற்கும் அதே நிலை வந்ததை 2019-21-இன் தேசிய குடும்பநல ஆய்வு காட்டியது.

அப்படியும் எண்ணிக்கை ஏன் நிற்கவில்லை? முன்பு பிறந்த ஏராளமான குழந்தைகள் இப்போது பெற்றோராகும் வயதில் இருக்கிறார்கள். குடும்பம் சிறிதானாலும் குடும்பங்கள் அதிகம். வேகம் குறைவது வேறு, எண்ணிக்கை குறைவது வேறு. மூன்றாவது புள்ளியான பெருமம், அதாவது முதல் வகைக்கெழு மறுபடியும் பூஜ்யமாகி இரண்டாவது குறை எண்ணாக இருக்கும் இடம், 2060-களின் தொடக்கத்தில் சுமார் 170 கோடியில் வரும் என்பது ஐ.நா.வின் 2024-ஆம் ஆண்டு மதிப்பீடு. திருப்பத்துக்கும் சிகரத்துக்கும் இடையே அரை நூற்றாண்டுக்கு மேல் இருக்கிறது. அந்தக் காலம் முழுவதும் பள்ளிகளும் வேலைகளும், பிறகு முதியோருக்கான மருத்துவமனைகளும் தேவைப்படும்.

ஓர் எச்சரிக்கை. இரண்டாம் வகைக்கெழு பூஜ்யமாவது மட்டும் போதாது, குறி மாற வேண்டும் என்பது பாடப்புத்தகத்திலேயே உள்ள விதி. 18.23-க்கும் 18.21-க்கும் வித்தியாசம் 2 லட்சம்தான். 2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால் அடுத்த புள்ளிக்குக் காத்திருக்க நேர்ந்தது. புதிய கணக்கு வெளிவரும்போது தலைப்புச் செய்தி மொத்த எண்ணிக்கையாகத்தான் இருக்கும். வாசகர் அதிலிருந்து 121.09 கோடியைக் கழித்து, இடைப்பட்ட ஆண்டுகளால் வகுத்துப் பார்க்கலாம். விடை, 2001-11-இன் சராசரியான ஆண்டுக்கு 1.82 கோடியைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தால், வளைவு திரும்பியது உண்மை.