நாலாயிரம் ஹெர்ட்ஸ்

பாரூரிலிருந்து போச்சம்பள்ளி சிப்காட்டுக்கும் ஓசூருக்கும் கம்பெனி பஸ் ஏறுகிற பிள்ளைகள் சிலர் இப்போது 192 கிலோஹெர்ட்ஸ் பாட்டைப் பற்றிப் பேசுகிறார்கள். அதைக் கேட்க போனோடு சேர்க்கும் சின்னப் பெட்டி, நல்ல ஹெட்போன் என்று அரை மாதச் சம்பளம் போய்விடுகிறது. “சிடி பாட்டு படிக்கட்டு மாதிரி வெட்டுப்பட்டிருக்கும்ணா, இதுல வழவழன்னு வரும்” என்றான் பக்கத்துத் தெருப் பையன். இளையராஜாவை நல்லபடியாகக் கேட்கத்தான் இத்தனையும். அந்த ஆசை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அவன் சொல்லும் படிக்கட்டு காதுக்கு வந்து சேரும் ஒலியில் இல்லை.

ஒலியை நொடிக்கு இத்தனை முறை அளந்து எண்ணாக எழுதி வைப்பதுதான் சாம்பிள்; பையன் சொல்லும் 192 கிலோஹெர்ட்ஸ் அந்த எண்ணிக்கைதான். சிடியில் நொடிக்கு 44,100 முறை. ஓர் ஒலியில் இருக்கும் மிக வேகமான அதிர்வைவிட இரண்டு மடங்குக்கு மேல் அளந்துவிட்டால், இரண்டு அளவுகளுக்கு நடுவே இருந்த வளைவையும் அப்படியே மீட்டுவிடலாம். 1928-இல் ஹாரி நைக்விஸ்ட் இதற்கு அடித்தளம் போட்டார். 1949-இல் கிளாட் ஷானன் நிரூபணம் எழுதினார். நல்ல இளங்காது எட்டுவது 20,000 ஹெர்ட்ஸ் வரை. 44,100-இல் பாதி 22,050; காது எட்டுவதெல்லாம் அதற்குள் அடங்கிவிடுகிறது. நாற்பதைத் தாண்டிய பலருக்கு 16,000-ஏ எட்டாது.

44,100 வந்த கதையும் சுவையானது. ஆரம்ப காலத்தில் டிஜிட்டல் ஒலியை வீடியோ டேப்பில்தான் பதித்தார்கள். நொடிக்கு 60 புலங்கள் (பாதிப் படங்கள்), புலத்துக்கு 245 கோடுகள், கோட்டுக்கு 3 சாம்பிள். பெருக்கிப் பாருங்கள். பிலிப்ஸும் சோனியும் அந்த எண்ணையே சிடிக்கு எடுத்துக்கொண்டு 1982-இல் சந்தைக்கு வந்தன.

கேட்க வைத்துச் சோதித்தும் இருக்கிறார்கள். 2007-இல் அமெரிக்காவில் மேயர், மோரன் என்ற இரு ஆய்வாளர்கள் உயர்தரப் பதிவையும், அதையே சிடி தரத்துக்கு இறக்கியதையும் மாற்றி மாற்றிக் கேட்கச் செய்தார்கள். 554 முறையில் சரியாகச் சொன்னது 276. பூவா தலையா போட்டாலும் அவ்வளவுதான் வரும். லண்டனில் ஜோஷுவா ரைஸ் 2016-இல் 18 ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது சரியான விடை 52.3 விழுக்காடு வந்தது. பயிற்சி பெற்ற காதுகள் இன்னும் கொஞ்சம் நன்றாகவே செய்தன. அந்தச் சிறு வித்தியாசத்தை நான் மறுக்கவில்லை. அதற்கு அரை மாதச் சம்பளம் கொடுக்காதே என்றுதான் சொல்கிறேன். இளையராஜா பாட்டின் பழைய எக்கோ நிறுவன இசைத்தட்டுக்கும் பிறகு வந்த பதிப்புக்கும் வேறுபாடு தெரிகிறதென்றால், பெரும்பாலும் மறுபதிப்பில் மெல்லிய இடங்களையும் உரத்த இடங்களையும் ஒரே மட்டத்துக்கு நெருக்கியதுதான் காரணம். எத்தனை சாம்பிள் எடுத்தாலும் அது சரியாகாது.

எனக்குப் பதற்றம் தருவது வேறொன்று. அந்தப் பையன் நிற்பது பிரஸ் ஷாப்பில். எட்டு மணி நேரம் தகடு அடிக்கும் சத்தம். ஷிப்ட் முடிந்து வரும்போது காது மரத்திருக்கும். அதனால் பஸ்ஸில் வால்யூமை ஏற்றுகிறான். உட்செவியில் ஒரு காதுக்குச் சுமார் 15,000 மயிர்ச்செல்கள்தான். போனது முளைக்காது. இரைச்சல் முதலில் தின்பது 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தை. சலங்கையும் தாளமும் பளிச்சென்று ஒலிக்கும் இடம் அது. ஸ, ஷ போன்ற ஒலிகளும் அங்கேதான் தெளிவு பெறுகின்றன. மற்றதெல்லாம் கேட்பதால் இழப்பு தெரியவே வெகுகாலம் ஆகும்.

எட்டு மணி நேர வேலைக்கு நம் தொழிற்சாலை விதிகளில் இருந்துவந்த வரம்பு 90 டெசிபல். அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் சொல்வது 85. ஐந்துதானே என்று தோன்றும்; ஒலி ஆற்றலில் அது மூன்று மடங்குக்கு மேல். இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மை 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் தொழில்நோயாகவே இருந்தது. இது எங்கள் ஊர்ப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

காது அடைப்பான் தருகிறார்கள். போட்டால் பக்கத்தில் நிற்பவர் கூப்பிடுவது கேட்பதில்லை என்று கழற்றிவிடுகிறார்கள். ஹெட்போனை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் தம்பி, அடைப்பானைக் கழற்றாதே என்றேன். கம்பெனியில் செவித்திறன் பரிசோதனை நடந்தால் ஆடியோகிராம் நகலைக் கேட்டு வாங்கு, 4,000-இல் கோடு பள்ளமாக இறங்கியிருக்கிறதா பார் என்றும் சொன்னேன். போன வருடம் கையெழுத்து மட்டும்தான் வாங்கினார்கள், தாளைத் தரவில்லை என்றான். இந்த வருடம் கேட்கிறேன் என்று சொல்லியிருக்கிறான்.