பாட்டியின் கைப்பக்குவம் ஏட்டில் ஏற வேண்டும்!

திண்டுக்கல் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு இரண்டு பொருள்கள் நினைவுக்கு வரும். ஒன்று பூட்டு. மற்றொன்று பிரியாணி. பூட்டு, கைத்தொழில். பிரியாணி, கைப்பக்குவம். இரண்டும் இந்த ஊருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவை.

ஆனால் இந்த ஊரைச் சுற்றியுள்ள சமவெளியில் வேறு ஒரு கைப்பக்குவமும் உண்டு. வேடசந்தூரிலும் வடமதுரையிலும் ஆத்தூரிலும் நிலக்கோட்டையிலும் வீட்டுக்கு வீடு அது இருக்கிறது. கம்பங்கூழ், சோளச்சோறு, முருங்கைக்கீரைப் பொரியல், தட்டைப்பயற்றுக் குழம்பு, குழிப்பணியாரம் என்று அது நீளும். அதற்குப் பெயர்ப் பலகை இல்லை. விளம்பரம் இல்லை. எழுதி வைத்த ஏடும் இல்லை. பாட்டியின் கையில் இருக்கிறது. பாட்டி கண்ணை மூடினால் அதுவும் போய்விடுகிறது.

இது சிறிய விஷயம் அல்ல. ஒரு குடும்பத்தின் ஆரோக்கியம் அதில் இருக்கிறது. ஒரு வட்டாரத்தின் அறிவு அதில் இருக்கிறது. அதைக் காப்பாற்ற வேண்டியது அவசியம். பெரிய செலவு எதுவும் இல்லை. ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு பேனாவும் போதும்.

ஓட்டல் கற்றுக்கொடுக்கும் பாடம்

1957-ம் ஆண்டில் திண்டுக்கல்லில் நாகசாமி நாயுடு என்பவர் ஒரு பிரியாணிக் கடை திறந்தார். கடையின் பெயர் "ஆனந்த விலாஸ்". நாயுடு எப்போதும் தலையில் தலப்பா கட்டியிருப்பார். அதனால் மக்கள் "தலப்பாக்கட்டு நாயுடு கடை" என்று அழைத்தார்கள். பெயர்ப் பலகையில் இருந்த பெயர் மறைந்தது. மக்கள் வைத்த பெயரே நிலைத்தது.

அந்தப் பிரியாணிக்குத் தனிச்சுவை தந்தவற்றுள் ஒன்று சீரகச் சம்பா அரிசி. பார்ப்பதற்குச் சீரகம் போல் சிறிதாக இருக்கும். மசாலாவை நன்றாக இழுத்துக்கொள்ளும். இன்று அந்தக் கடை பல ஊர்களிலும் கடல் கடந்த நாடுகளிலும் கிளை பரப்பியிருக்கிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பத்து ஊர்களில் கிளை நடத்தும் எந்த ஓட்டலும் வெறும் கைக்கணக்கில் சமைக்க முடியாது. அரிசி இத்தனை, கறி இத்தனை, தண்ணீர் இத்தனை என்று எழுதி வைத்தே தீர வேண்டும். இல்லாவிட்டால் இன்று ஒரு ருசி, நாளை ஒரு ருசி என்று ஆகிவிடும்.

வியாபாரத்துக்காக ஓட்டல்காரர் எழுதி வைக்கிறார். பெற்ற பிள்ளைகளுக்காக வீட்டில் எழுதி வைக்க வேண்டாமா?

காப்பாற்றப்பட்ட பழம்

பழனிப் பஞ்சாமிர்தத்தை அறியாதவர் யார்? மலை வாழைப்பழம், வெல்லச் சர்க்கரை, பசு நெய், தேன், ஏலக்காய் ஆகிய ஐந்தும் சேர்ந்தது அது. பேரீச்சம்பழமும் கற்கண்டும் கூடச் சேர்ப்பார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விடுவதில்லை. அதனாலேயே பல நாள் கெடாமல் இருக்கிறது. 2019-ம் ஆண்டில் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. திண்டுக்கல் பூட்டுக்கும் அதே ஆண்டில்தான் கிடைத்தது.

பஞ்சாமிர்தத்துக்குச் சிறந்தது விருப்பாச்சி மலை வாழை. அந்த வாழைக்கு ஒரு சமயம் பெரும் ஆபத்து வந்தது. முடிக்கொத்து நோய் என்ற நச்சுயிரி நோய் தோட்டம் தோட்டமாக அழித்தது. 1970-களுக்குப் பிறகு மலையில் வாழை பயிரிட்ட நிலம் சுருங்கிக்கொண்டே வந்தது. விஞ்ஞானிகள் நோயற்ற கன்றுகளைத் திசு வளர்ப்பு முறையில் உண்டாக்கினார்கள். விவசாயிகள் அவற்றை வாங்கி நட்டார்கள். பழம் பிழைத்தது.

பழத்துக்கு வந்த நோய் கண்ணுக்குத் தெரிந்தது. ஆகவே மருந்து தேடினார்கள். வீட்டுப் பக்குவத்துக்கு வந்திருக்கும் நோய் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒரு பாட்டியோடு ஒரு குழம்பு போகிறது. இன்னொரு பாட்டியோடு ஒரு துவையல் போகிறது. யாரும் கணக்கு வைப்பதில்லை.

1951-ல் வந்த புத்தகம்

சமையலை எழுதி வைக்க முடியுமா என்று சிலர் கேட்பார்கள். முடியும் என்று காட்டியவர் ஒரு தமிழ்ப் பெண்மணி. அவர் பெயர் எஸ். மீனாட்சி அம்மாள். இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். நன்றாகச் சமைப்பார். உறவினர்கள் அவரிடம் பக்குவம் கேட்டு வாங்குவார்கள். "இதை ஒரு புத்தகமாகவே எழுதிவிடு" என்று குடும்பத்துப் பெரியவர் ஒருவர் ஊக்கம் கொடுத்தார். 1951-ல் "சமைத்துப் பார்" வெளிவந்தது.

அதன் பிறகு, மணமாகித் தனிக்குடித்தனம் போன எத்தனையோ பெண்களுக்கு அந்தப் புத்தகம் தாய் போல் உதவியது. தலைமுறை கடந்து இன்றும் விற்கிறது. காரணம் என்ன? ஒவ்வொரு பண்டத்துக்கும் சாமான் என்ன, அளவு என்ன, எது முன், எது பின் என்று தெளிவாக எழுதியதே காரணம்.

ஆனால் அது ஒரு வகைக் குடும்பத்தின் சைவச் சமையல். மானாவாரி நிலத்தில் கம்பும் சோளமும் விளைவித்தவர்களின் சமையலை அதில் எதிர்பார்க்க முடியாது. அதை அந்தந்த வீட்டார்தாம் எழுத வேண்டும்.

கூழில் என்ன இருக்கிறது?

"கூழ் ஏழை உணவு. அது போனால் போகட்டும்" என்று சிலர் நினைக்கலாம். அது பெரிய தவறு.

2019-21-ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வு ஓர் உண்மையைச் சொல்லியது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 53 பேருக்கு இரத்த சோகை இருக்கிறது. இரத்த சோகை வந்தால் உடல் சோரும். மூச்சு வாங்கும். பிரசவ காலத்தில் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து உண்டாகும்.

இரும்புச் சத்துக் குறைவு இதற்கு முக்கியமான காரணம். 100 கிராம் கம்பில் 6 மில்லி கிராமுக்கு மேல் இரும்புச் சத்து இருக்கிறது. தீட்டிய வெள்ளை அரிசியில் 1 மில்லி கிராம்கூட இல்லை. கூழை இரவு முழுதும் புளிக்க வைத்தால் அந்தச் சத்து உடம்பில் சேர்வது எளிதாகிறது. முருங்கைக்கீரையோடு எலுமிச்சம்பழச் சாறு சேர்த்தாலும் அப்படியே. சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் சத்துச் சேர்வது குறைந்துவிடும்.

பாட்டிக்கு இரும்புச் சத்து என்ற பேச்சுத் தெரியாது. ஆனால் கூழைப் புளிக்க வைக்கத் தெரியும். பல தலைமுறை அநுபவம் அது. ஐக்கிய நாடுகள் சபை 2023-ம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. உலகம் இன்று தேடும் பொருளை வேடசந்தூர்க் காட்டில் என்றோ விதைத்திருந்தார்கள்!

எழுதுவது எப்படி?

எழுதப் புதிதாகக் கற்றவர்களும் இதைச் செய்யலாம். இலக்கணம் தேவை இல்லை. பாட்டி சமைக்கும்போது பக்கத்தில் உட்கார வேண்டும். பாட்டி "ஒரு கை" என்றால், அந்தக் கைப்பிடியை ஒரு டம்ளரில் போட்டு அளந்து பார்க்க வேண்டும். "படி" என்றால் எந்தப் படி என்று கேட்க வேண்டும். முன்பு ஊருக்கு ஊர் படி வேறாக இருந்தது. 1956-ல் சட்டம் வந்து, 1958 முதல் கிலோவும் லிட்டரும் படிப்படியாக நடப்புக்கு வந்தன. ஆகவே பழைய அளவைப் புதிய அளவில் எழுதினால்தான் பேரப்பிள்ளைகளுக்குப் புரியும்.

மாதிரிக்குக் கம்பங்கூழ் இதோ:

1. கம்பு 1 டம்ளர். தண்ணீர் தெளித்துப் பிசறி 10 நிமிடம் வைக்கவும்.

2. உரலில் இடித்து உமியைப் புடைத்து நீக்கவும். மறுபடியும் ரவை போல் இடிக்கவும். உரல் இல்லாத வீட்டில் மிக்சி போதும். சலித்து நொய்யைத் தனியாகவும் மாவைத் தனியாகவும் வைக்கவும்.

3. 5 டம்ளர் தண்ணீரைக் கொதிக்க வைத்து நொய்யைப் போடவும். நொய் வெந்ததும், மாவைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து ஊற்றிக் கட்டி தட்டாமல் கிளறவும்.

4. நனைத்த கையால் தொட்டால் ஒட்டக்கூடாது. அதுதான் பதம். இறக்கி ஆறவிட்டு, உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டு இரவு முழுதும் வைக்கவும்.

5. காலையில் மோரும் உப்பும் சேர்த்துக் கரைக்கவும். கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம்.

நாலாவது வரியைப் பாருங்கள். "நனைத்த கையால் தொட்டால் ஒட்டக்கூடாது" என்பதே பக்குவத்தின் உயிர். தராசு அதைச் சொல்லாது. பாட்டிதான் சொல்ல முடியும். அதனால்தான் பாட்டி இருக்கும்போதே கேட்டு எழுத வேண்டும்.

சுடுகிற பலகாரம்

சீமையில் வீட்டுக்கு வீடு சூளை அடுப்பு வைத்து ரொட்டியும் கேக்கும் சுடுகிறார்கள். தமிழ் வீட்டில் அந்த வேலையைச் செய்வது பணியாரச் சட்டி. மீந்த இட்லி மாவே போதும். கடுகு, உளுத்தம்பருப்பு, பச்சை மிளகாய், நறுக்கிய சின்ன வெங்காயம் தாளித்து மாவில் கொட்டிக் கலக்க வேண்டும். குழிக்கு அரைத் தேக்கரண்டி நல்லெண்ணெய் விட்டு, முக்கால் குழி மாவு ஊற்றி, மூடி வைத்து, சிறு தீயில் சுட வேண்டும். ஓரம் சிவந்ததும் கம்பியால் திருப்ப வேண்டும். மாவில் வெல்லப் பாகும் ஏலக்காயும் கலந்தால் இனிப்புப் பணியாரம்.

பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைக்குப் பொட்டலத் தீனி வாங்கிக் கொடுப்பதைவிட இது எவ்வளவோ மேல். பொட்டலத்தில் உப்பு எவ்வளவு என்று தாய்க்குத் தெரியாது. ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராம் உப்புக்குமேல் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்லுகிறது. ஒரு சிறு தேக்கரண்டி அளவுதான் அது. பணியாரத்தில் போடும் உப்போ தாயின் விரலில் இருக்கிறது.

ஏட்டுச் சுரைக்காயா?

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்பது பழமொழி. உண்மைதான். சமைக்காதவன் எழுதினால் அது ஏட்டுச் சுரைக்காய். ஐம்பது வருஷம் சமைத்தவள் சொல்லி எழுதினால் அது எப்படி உதவாமல் போகும்?

"கைபேசியில் ஆயிரம் சமையல் வருகிறதே, அது போதாதா?" என்று கேட்பவர்களும் உண்டு. அது நல்ல உதவிதான். ஆனால் அதில் வருவது ஊருக்குப் பொதுவான சமையல். அப்பாவின் சர்க்கரை நோய்க்கு எதைக் குறைப்பது, பிள்ளை பெற்ற மகளுக்கு எதைக் கொடுப்பது என்ற வீட்டுக் கணக்கு அதில் இராது. கைபேசி இருப்பவர்கள் பாட்டி சொல்லுவதை அதிலேயே பதிவு செய்யட்டும். பிறகு எழுதிக்கொள்ளலாம்.

மகனும் கற்கட்டும்

நோட்டில் எழுதிவிட்டால் இன்னொரு நன்மையும் உண்டு. சமையல் பெண்ணின் தலையில் மட்டும் விழுந்த சுமையாக இராது. திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் கோயம்புத்தூர் மில்லுக்கும் சென்னைக்கும் இந்த வட்டாரத்துப் பிள்ளைகள் வேலைக்குப் போகிறார்கள். அறை எடுத்துத் தங்குகிறார்கள். மூன்று வேளையும் ஓட்டலில் சாப்பிட்டால் சம்பளமும் கரையும், வயிறும் கெடும். அம்மா எழுதிக் கொடுத்த பத்துப் பக்கம் பெட்டியில் இருந்தால், அவனே ஒரு குழம்பு வைத்துக்கொள்வான்.

ஓட்டலில் கரண்டி பிடிப்பவர்களில் ஆண்கள் எத்தனை பேர்! அங்கே கௌரவமாக இருப்பது வீட்டில் மட்டும் எப்படி இழிவாகும்?

யார் என்ன செய்யலாம்?

பள்ளிக்கூடங்கள் இதில் உதவலாம். கோடை விடுமுறையில் "வீட்டில் உள்ள பெரியவரிடம் கேட்டு ஐந்து பக்குவம் எழுதி வா" என்று ஆசிரியர்கள் சொல்லலாம். கையெழுத்தும் பழகும். அளவும் கணக்கும் பழகும். மாதர் சுய உதவிக் குழுக்கள் ஊர்ப் பக்குவங்களை எல்லாம் சேர்த்து ஒரு சிறு புத்தகம் போடலாம். சின்னாளப்பட்டிக்குப் பக்கத்தில் உள்ள காந்திகிராமம், 1947-ல் டாக்டர் சௌந்திரமும் ஜி. ராமச்சந்திரனும் கிராம மக்களுக்காகத் தொடங்கியது. அங்கே இன்று பல்கலைக்கழகமே நடக்கிறது. இப்படிப்பட்ட நிறுவனங்கள் மனம் வைத்தால், மாவட்டத்தின் வீட்டுச் சமையலைச் சேகரிப்பது கடினம் அல்ல.

ஆனால் அவர்கள் வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள். பாட்டியும் இருக்கிறார். அடுப்பு எரிகிறது. பாட்டி சொல்லட்டும், பேத்தி எழுதட்டும், பேரன் கிளறட்டும். முதல் பக்கத்தில் பாட்டியின் பெயரையும் ஊரையும் மறக்காமல் எழுதுங்கள். ஆனந்த விலாஸ் கடைக்காரர் பெயரை ஊர் நினைவில் வைத்திருக்கிறது. அறுபது வருஷம் ஒரு குடும்பத்துக்குச் சோறு போட்டவள் பெயர், அவள் வீட்டு நோட்டிலாவது இருக்க வேண்டும்.