பயணத்திற்கு முன்

பயணம் எப்போது தொடங்குகிறது? வண்டி புறப்படும்போது என்பர் பலர். நிலப்படத்தை மேசைமீது விரித்து, "இவ்வழியே செல்வோமா, அவ்வழியே செல்வோமா?" என்று எண்ணும்போதே பயணம் தொடங்கிவிடுகிறது என்பேன் நான். ஊர்கள் நெருங்கிய நாட்டில் இவ்வெண்ணம் சற்றுக் குறைந்தாலும் கேடில்லை. வழி தவறினால் கேட்டறிய ஆள் உண்டு. தாகம் எடுத்தால் தண்ணீர் உண்டு. ஆனால், மக்கள் அருகிப் பாறை பெருகிக் கிடக்கும் பாலை நிலத்தில், முன்கூட்டியே எண்ணிப் பார்த்தல் உயிர்க்காவல் ஆகும்.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்மேற்கில் அத்தகைய நிலம் ஒன்று உண்டு. யூட்டா, அரிசோனா, கொலராடோ, நியூ மெக்சிகோ ஆகிய நான்கு மாநிலங்களில் பரந்து கிடக்கும் அதனைக் கொலராடோ பீடபூமி என்பர். செம்பாறையும் மணலும் வறண்ட புதரும் நிறைந்த அந்நிலத்தை ஆறுகள் வாள்போல அறுத்து, ஆழ்ந்த பள்ளத்தாக்குகளை உண்டாக்கியுள்ளன. அவற்றுள் தலையாயது கிராண்ட் கேன்யன். அதன் நீளம் 446 கிலோமீட்டர். அகலம் சில இடங்களில் 29 கிலோமீட்டர். ஆழம் ஏறத்தாழ 1,600 மீட்டர். அடியில் உள்ள பாறைகளுள் பல 170 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்டவை. விளிம்பில் உள்ள சுண்ணாம்புப் பாறையோ ஏறத்தாழ 27 கோடி ஆண்டுகள் பழமையானது. கொலராடோ ஆறு ஐம்பது அறுபது இலட்சம் ஆண்டுகளாக ஓடி ஓடி இப்பள்ளத்தை அறுத்தது என்பர் நிலவியலார்.

அதன் வடபால் சயான் என்னும் பூங்காவில் மணற்பாறைச் சுவர்கள் விண்ணை நோக்கி நிற்கின்றன. பிரைஸ் கேன்யனில், பாறை விரிசல்களில் புகுந்த நீர் இரவில் உறைந்தும் பகலில் உருகியும் கல்லைப் பிளந்து, ஆயிரக்கணக்கான தூண்களைச் செதுக்கியுள்ளது. ஆர்ச்சஸ் பூங்காவிலோ இயற்கை அமைத்த கல்வளைவுகள் 2,000-க்கு மேல் உள்ளன. இவை யாவும் தேசியப் பூங்காக்களாகக் காக்கப்படுகின்றன. 1872-இல் எல்லோஸ்டோன் பூங்காவைக் கொண்டு அந்நாடு இந்நற்பணியைத் தொடங்கியது. பூங்காக்களைப் பேணுவதற்கென்றே ஒரு தனித் துறையை 1916-இல் நிறுவியது.

இவ்விடங்களைக் காண விரும்புவோர் பெரும்பாலும் காரிலேயே செல்கின்றனர். அவர்களுட் பலர் வகுக்கும் திட்டம் எப்படிப்பட்டது? நாள் பத்து, பூங்கா எட்டு. லாஸ் வேகாஸ் நகரில் புறப்பட்டு, சயான், பிரைஸ், கேப்பிட்டல் ரீஃப், ஆர்ச்சஸ் எனச் சுற்றி, கிராண்ட் கேன்யனின் தென்கரையைக் கண்டு திரும்பினால், வழி மட்டும் 2,000 கிலோமீட்டரை நெருங்கும். பெயர்களை வரிசையாக எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றையும் கண்டதும் ஒரு கோடு கிழித்துவிட்டு விரைவதையே இவர்கள் பயணம் என்று கருதுகின்றனர். இது தவறு என்பதே என் கருத்து. ஆசை சொல்லும் வழியே செல்லாமல், நிலம் சொல்லும் வழியே திட்டம் வகுத்தல் வேண்டும். எதைக் காண்பது என்பதைவிட, எதைக் காணாமல் விடுவது என்று துணிவதே அத்திட்டத்தின் உயிர்நாடி.

நிலம் சொல்லுவனவற்றுள் முதலாவது தொலைவு. கிராண்ட் கேன்யனின் தென்கரையில் நின்று நோக்கினால் வடகரை கண்ணுக்கு எதிரே தெரியும். பறவை பறந்து செல்லுமாயின், ஒரு கரையின் விடுதிப் பகுதியிலிருந்து மற்றதன் விடுதிப் பகுதிக்கு 16 கிலோமீட்டரே இருக்கும். காரில் செல்பவனோ பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு ஏறத்தாழ 345 கிலோமீட்டர் செல்லவேண்டும். ஐந்து மணி நேரம் அதற்கே சென்றுவிடும். படத்தில் விரலிடை அளவே உள்ள வழி, பாலையில் ஒரு பகற்பொழுதை விழுங்கிவிடக்கூடும். யூட்டா மாநிலத்தில் கிரீன் ரிவர், சலைனா என்னும் ஊர்களுக்கு இடையே நெடுஞ்சாலை ஏறத்தாழ 170 கிலோமீட்டர் செல்கிறது. அவ்வளவு தொலைவிலும் சாலையோரத்தில் ஒரு பெட்ரோல் நிலையமும் இல்லை. "அடுத்த ஊரில் நிரப்பிக்கொள்வோம்" என்னும் சோம்பலுக்கு அங்கே இடமில்லை.

கடிகாரமும் அங்கே பயணியை ஏமாற்றும். யூட்டாவில் கோடைக்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பர். அரிசோனாவில் அவ்வழக்கம் இல்லை. ஆயினும், நவஹோ பழங்குடியினரின் நாட்டில் அரிசோனாவுக்குள் அடங்கிய பகுதியில் அவ்வழக்கம் உண்டு! இதனை அறியாதவன், குறித்த நேரத்திற்கு வந்துவிட்டதாக எண்ணி மகிழ்ந்து, ஒரு மணி நேரம் பிந்தி நிற்பான்.

இரண்டாவது உயரமும் வெப்பமும். பிரைஸ் கேன்யனின் விளிம்பு கடல் மட்டத்திற்கு மேல் 2,400 மீட்டருக்கும் உயரமானது. இளவேனிலிலும் அங்கே பனி பெய்யும். கிராண்ட் கேன்யனின் அடியிலோ கோடைப் பகலில் நிழலிலேயே 40 டிகிரி செல்சியசுக்கு மேல் வெப்பம் கொதிக்கும். மலையேறுவோன் இளைப்பு மிகுந்தால் பாதி வழியில் திரும்பி இறங்கிவிடலாம். பள்ளத்தாக்கில் நிலைமை தலைகீழ். இங்கே இறக்கம் முதலில் வருகிறது. காலை வேளையில், தளராத உடம்போடு, எளிதாக இறங்கிவிடுகிறோம். ஏற்றமோ, உடல் சோர்ந்து, நீர் குறைந்து, வெயில் ஏறிய பின்னர் வந்து சேர்கிறது. இறங்குவது நம் விருப்பம், ஏறுவது கட்டாயம். ஆகவே, ஒரே நாளில் விளிம்பிலிருந்து ஆறுவரை இறங்கித் திரும்பி ஏற முயலவேண்டா என்று பூங்காக் காவலர் எச்சரிக்கின்றனர். ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் தண்ணீரேனும் வண்டியில் இருத்தல் நலம். "ஆழம் அறியாமல் காலை விடாதே" என்னும் நம் பழமொழி நீருக்கு மட்டுமன்று, நீரற்ற பள்ளத்திற்கும் பொருந்தும்.

மூன்றாவது மழை. பாலையில் மழைக்கு அஞ்சுவதா என்று நகைக்கலாம். 1997-ஆம் ஆண்டு ஆகஸ்டு 12-ஆம் நாள், அரிசோனாவில் உள்ள ஆன்டலோப் கேன்யன் என்னும் குறுகிய பாறையிடுக்கில் பயணிகள் சிலர் இறங்கியிருந்தனர். அவ்விடத்தில் மழை மிகுதியாக இல்லை. பல கிலோமீட்டருக்கு அப்பால் பெய்த பெருமழை, உறிஞ்ச மண்ணில்லாத பாறைமீது உருண்டோடி, திடீர் வெள்ளமாகத் திரண்டு அவ்விடுக்கினுள் பாய்ந்தது. பதினொருவர் மாண்டனர். அவ்விடுக்கின் அழகிய வளைவுகளைச் செதுக்கிய உளியும் இத்தகைய வெள்ளமே. தலைக்கு மேலுள்ள வானத்தை மட்டும் பார்த்தால் போதாது. நீர் வரும் திசையின் வானத்தையும் கேட்டறிந்த பின்னரே இடுக்கினுள் கால் வைத்தல் வேண்டும்.

முன்னறிவின் அருமையை 1869-இல் நிகழ்ந்த ஒரு செலவு நமக்கு விளக்கும். உள்நாட்டுப் போரில் வலக்கையை இழந்த ஜான் வெஸ்லி பவல் என்பவர், ஒன்பது துணைவருடனும் நான்கு படகுகளுடனும் கொலராடோ ஆற்றின் போக்கை ஆராயப் புறப்பட்டார். பத்து மாதங்களுக்கு வேண்டிய உணவை உடன் கொண்டார். அக்காலத்தில் அப்பகுதிக்குச் சரியான நிலப்படம் கிடையாது. புறப்பட்ட சில வாரங்களிலேயே ஒரு படகு பாறையில் மோதிச் சிதைந்தது. ஒருவர் இடையிலேயே விலகினார். எஞ்சிய உணவும் ஈரத்தால் கெட்டது. மூன்று மாதங்கள் கழிந்தன. ஆகஸ்டு 28-ஆம் நாள், எதிரே நீர் நுரைத்துப் பாயும் கொடிய சரிவு ஒன்றைக் கண்ட மூவர், "இனி ஆற்றில் வாரோம்" என்று கூறிப் பாறைமேல் ஏறிப் பிரிந்து சென்றனர். அவர்கள் திரும்பவே இல்லை. ஏனைய அறுவரும் அச்சரிவைக் கடந்தனர். இரண்டே நாளில் பள்ளத்தாக்கைவிட்டு வெளிவந்து மனிதர் முகத்தைக் கண்டனர். அம்மூவரும் கோழைகள் அல்லர். மூன்று மாதங்கள் அவ்வாற்றோடு போராடியவர்கள். மீட்சி இரண்டு நாள் தொலைவில் உள்ளது என்பதை அறிய அவர்களுக்கு வழியில்லை. நமக்கு வழியுண்டு. நிலப்படம் உண்டு, வானிலை அறிக்கை உண்டு, கேட்டால் சொல்லும் காவலர் உண்டு. இவ்வளவும் இருந்தும், கையில் தொலைபேசி உள்ளது என்னும் துணிவில் ஒன்றும் பாராமல் புறப்படுவோரை என்னென்பது? பள்ளத்தாக்கின் ஆழத்தில் அத்தொலைபேசி பல இடங்களில் பேசுவதில்லை.

"இவ்வாறு எல்லாவற்றையும் முன்னரே எண்ணிவிட்டால் பயணத்தில் வியப்பு ஏது?" என்று சிலர் வினவுவர். தண்ணீரைப் பற்றியும் பெட்ரோலைப் பற்றியும் கவலை கொண்டவன் கண் பாறையழகில் நிற்பதில்லை. கவலையை வீட்டிலேயே தீர்த்துவிட்டு வந்தவனுக்கே வியப்பதற்கு நேரம் உண்டு. "இவ்வளவு தொலைவு வந்துவிட்டோம், மறுமுறை வருவோமோ, மாட்டோமோ? எல்லாவற்றையும் கண்டுவிட வேண்டாவா?" என்று வேறு சிலர் கேட்பர். இது புறக்கணிக்கத்தக்க கேள்வி அன்று. பொருளைச் சிறுகச் சிறுகச் சேர்த்து வந்தவரின் ஏக்கம் அதில் உள்ளது. எனினும், மறுமுறை வர இயலாது என்பதனாலேயே, வந்த முறையை வீணாக்கலாகாது. காலையில் செந்நிறமாய் இருந்த பாறை நண்பகலில் வெளிறி, மாலையில் ஊதா நிழல் போர்த்துக்கொள்ளும். கிராண்ட் கேன்யனை அரை மணி நேரம் கண்டவன் அதன் ஒரு முகத்தையே கண்டான். இரண்டு நாள் தங்கியவனே அதனைக் கண்டவன். பத்து நாளில் எட்டுப் பூங்காவுக்கு ஓடுவதைவிட, சயான், பிரைஸ், கிராண்ட் கேன்யனின் ஒரு கரை என மூன்றோடு நிறுத்தி, ஒவ்வொன்றிலும் மூன்று இரவு தங்குவது மேல். அகலக் கால் வைத்தவன் எங்கும் நிற்பதில்லை.

திட்டத்தில் நெகிழ்வும் வேண்டும். 2025-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் மூண்ட காட்டுத்தீ, கிராண்ட் கேன்யன் வடகரையின் பழம்பெரும் விடுதியை எரித்து அழித்தது. அங்கே தங்க நாள் குறித்திருந்தோர் வேறு வழி தேட நேர்ந்தது. ஒவ்வொரு நாளையும் இடைவெளியின்றி அடைத்துவிட்டால், ஒரு நாள் தவறினும் அடுத்த நாள்கள் யாவும் சரியும். பத்து நாளில் ஒரு நாளையேனும் எதற்கும் ஒதுக்காமல் வெறுமனே விடுவதே அறிவுடைமை.

இனி, நிலம் நமக்கு மட்டும் உரியதன்று என்பதையும் திட்டம் வகுப்போர் நினைவிற்கொள்ள வேண்டும். ஹவசுபாய் என்னும் பழங்குடியினர் பூங்கா தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே அப்பள்ளத்தாக்கில் வாழ்ந்தவர்கள். 1919-இல் கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்காவானது. அவர்களோ தம் பழைய நிலத்தில் பெரும்பகுதியை இழந்து ஒடுங்கி வாழ்ந்தனர். நெடுங்காலம் வாதாடிய பின்னர், 1975-இல் இயற்றப்பட்ட சட்டத்தால் ஏறத்தாழ 1,85,000 ஏக்கர் அவர்களுக்குத் திரும்பக் கிடைத்தது. ஆன்டலோப் கேன்யனும் நவஹோ மக்களின் நிலமே. அவர்தம் வழிகாட்டி இன்றி அதனுள் இன்று யாரும் செல்ல முடியாது. அம்மக்களின் ஊருக்குள் விருந்தினராகச் செல்ல வேண்டுமேயன்றி, காட்சிச்சாலைக்குச் செல்வோர்போல் செல்லலாகாது.

மண்ணும் அங்கே உயிருள்ளது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களும் பாசியும் பின்னிப் பிணைந்து, மணல் பறவாதபடி மேலே கருநிற மேலோடு ஒன்றை அமைத்துள்ளன. ஒருவன் குறுக்கு வழி தேடி அதன்மேல் வைக்கும் ஓரடித் தடம் மறையப் பல பத்தாண்டுகள் ஆகலாம். நெரிசலைக் குறைக்கும் பொருட்டு, சயான் பூங்காவினர் 2000-ஆம் ஆண்டு முதல், மக்கள் மிகும் காலங்களில் பள்ளத்தாக்குச் சாலையில் சொந்தக் கார்களை விடாமல், பேருந்துகளையே இயக்குகின்றனர். இதனை இடையூறு என்று முணுமுணுப்போர் உண்டு. நமக்குப் பின் வருவோரும் அவ்விடத்தைக் காணவேண்டும் என்று எண்ணுவோர்க்கு இஃது இடையூறாகத் தோன்றாது.

மாணவர்களே, நீங்கள் அப்பள்ளத்தாக்குகளை ஒரு நாள் காணலாம், காணாமலும் போகலாம். ஆனால், எவ்விடத்திற்குச் சென்றாலும், புறப்படுமுன் நிலப்படத்தை விரியுங்கள். தொலைவைக் கணக்கிடுங்கள், தண்ணீரை நினையுங்கள், அங்கே வாழ்வோர் யாவர் என்று கேளுங்கள். பின்னர், நீங்கள் எழுதிய பட்டியலில் பாதியைத் துணிந்து அடித்துவிடுங்கள். எஞ்சிய பாதியை நின்று, அமர்ந்து, கண்ணாரக் காணுங்கள். ஆறு அறுபது இலட்சம் ஆண்டு உழைத்து அமைத்ததை அரை மணியில் கண்டு முடித்துவிட இயலுமோ?