கருக்கை அச்சிட்டவர் எவர்?

விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில் இரும்பை என்பதோர் ஊர். ஞானசம்பந்தர் பாடிய மாகாளம் அங்கேதான் உள்ளது. அக்கோயிலைப் பற்றி ஊரார் வழங்கும் கதை ஒன்றுண்டு. விழாவில் ஆடிய கணிகை ஒருத்தியின் காற்சிலம்பு கழன்று வீழ்ந்ததாம். கடுவெளிச் சித்தர் அதனை எடுத்து அவள் காலில் பூட்டினாராம். கூடியிருந்தோர் கைகொட்டி நகைத்தனராம். சித்தர் வெகுண்டு பாடவே கருவறைக் கல் வெடித்துச் சிதறியதாம். கதை கதையாகவே இருக்கட்டும். நகைத்தவர் செயல் அதில் உண்டு. சித்தர் பாட்டும் உண்டு. அந்தப் பெண் என்ன சொன்னாள் என்பதைக் கதை சொல்வோர் எவரும் நின்று சொல்வதில்லை.

நூல்களிலும் இதே நிலைதான். எவரைப் பற்றி எழுதப்படுகிறதோ அவர் கையில் எழுதுகோல் இருந்ததில்லை. இருந்தபோதும் அச்சகம் இருந்ததில்லை.

இரும்பையைச் சூழ்ந்த செம்மண் நிலத்தில் பனைகள் நிற்கின்றன. பனையேறியின் வாயில் பாளை, மட்டை, குருத்து, பன்னாடை, கருக்கு என ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு சொல் உண்டு. நகரத்துத் தமிழன்பர், வேர்ச்சொல் தேடி இரவெல்லாம் கண்விழித்துப் புதுச்சொல் ஆக்குகின்றார். வேண்டிய பணியே அது. ஆயின் ஆக்காமலே உயிரோடிருக்கும் சொற்கள், ஊர்க்கோடியிலும் சேரியிலும், செங்கற்சூளையில் உழலும் இருளர் குடிசையிலும், ஏட்டில் ஏறாமல் முதியோரோடு மண்ணுக்குள் போகின்றனவே! அவற்றை மீட்பார் யார்?

அத்தகைய சொல் ஒன்று ஒரே ஒருமுறை முறையாக ஏட்டில் ஏறிற்று. அரம்போன்ற பன்மட்டை விளிம்பின் பெயரே பெயராக, 'கருக்கு' என்னும் தன்வரலாற்றைப் பாமா எழுதினார். ஒடுக்கப்பட்ட குடியிற் பிறந்த பெண் ஒருவர், தம் மக்கள் பேசும் பேச்சிலேயே எழுதிய நூல் அது. 1992-இல் அதனை முதன்முதல் வெளியிட்டது வணிகப் பதிப்பகம் அன்று. மதுரையில் இயங்கிய 'சமுதாயச் சிந்தனை செயல் ஆய்வு மையம்' என்னும், ஊதியம் கருதாத ஒரு சிறு நடுவம். அதன் பெயரிலுள்ள வடசொற்களைக் கண்டு முகஞ்சுளிக்கும் அன்பர் இருக்கக்கூடும். சுளிக்கட்டும், ஆனால் அவர்தம் தூய தமிழ்ப் பெயர்ப் பதிப்பகங்களுள் எது அந்நூலைத் தேடிப் போயிற்று என்பதையும் எண்ணிப் பார்க்கட்டும். 2000-இல் அந்நூல் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பெற்றது, கடல்கடந்தும் படிக்கப்பெற்றது. 'கொச்சை' என்று ஒதுக்கப்பட்டிருக்க வேண்டிய மொழி அது!

இன்னும் பின்னோக்கிச் செல்க. 1907 சூன் 19-இல் சென்னை இராயப்பேட்டையில் அயோத்திதாசர் ஒரு கிழமை இதழைத் தொடங்கினார். பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. ஓராண்டிற்குப் பின், படிப்போர் வேண்டியபடி, விலை உதிர்ந்து 'தமிழன்' என்பதே பெயராய் நின்றது. மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கம் கண்டது 1916-இல். அதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்னரே, தீண்டத்தகாதார் என்று தள்ளப்பட்டவர்தாம் 'தமிழன்' என்னும் பெயரைத் தம் இதழின் நெற்றியில் எழுதிக்கொண்டனர். இயக்க வரலாறு எழுதுவோர் இவ்வொன்பது ஆண்டுகளை எளிதில் தாண்டிச் செல்லுதல் முறையாகாது.

அயோத்திதாசர் 1914-இல் மறைந்தார். அவர் எழுத்துகளைக் காத்தவர் செல்வர் அல்லர், கோலார்ப் பொன்வயலில் நிலத்தின் அடியில் உழைத்த தமிழரிடையே இயங்கிய சித்தார்த்தா புத்தகசாலையினர். சிறுசிறு நூல்களாக அவற்றை அச்சிட்டனர். 1926 முதல் அப்பாதுரையார் அங்கிருந்தே 'தமிழனை' மீண்டும் நடத்தினார். 1934 அளவில் அதுவும் நின்றது. பின்னர் நெடுங்காலம் பேச்சில்லை. ஞான. அலாய்சியசு தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்', பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையத்தின் வழி வெளிவந்தது 1999-இல். இடையே 85 ஆண்டுகள்! ஒரு சிறு அச்சகம் இடையறாது நின்றிருப்பின், இரண்டு தலைமுறைத் தமிழர் அவரை அறியாமல் வளர்ந்திருக்க மாட்டார்.

விழுப்புரத்தார்க்கு இது தொலைவுச் செய்தியன்று. 1978 சூலையில் அந்நகரில் ஒடுக்கப்பட்ட மக்கள் 12 பேர் கொல்லப்பட்டனர். எண்ணிக்கையைச் சொல்வார் பலர். அவருள் ஒருவர் பெயரையேனும் சொல்லவல்லார் எத்துணைப் பேர்? காவல்துறையின் ஏடு ஒன்று சொல்லும், உசாவல் குழுவின் அறிக்கை ஒன்று சொல்லும். கணவனை இழந்தவள் தன் வாயால் சொல்லுவது அவை இரண்டினும் வேறு.

திண்டிவனத்தில் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் அவர்தம் வழக்குகளை நடத்துகின்றது. அவ்வூரிலேயே தாய்த்தமிழ்ப் பள்ளியும் எழுந்தது. வழக்குமன்றமும் பள்ளியும் வந்த நிலத்திற்கு அச்சகம் வருதல் அரிதன்று. அரிதாய் இருப்பது பணமே. நூலகத்துறை வாங்கும் படிகளை நம்பி நூல் அச்சிடுவோர், அவ்வாணை காலந்தாழும்போதெல்லாம் தாள் வாங்கிய கடனில் வீழ்கின்றனர். ஊதியம் நோக்காத பதிப்பகமாயின் ஓரிரு நூலோடு கதவடைக்கும். ஆகவே பாராட்டுக்கூட்டமும் பொன்னாடையும் போதா. நூல் அச்சேறுமுன்பே விலையைச் செலுத்தும் இருநூறு முந்நூறு பேர் வேண்டும். ஒருவர் இரண்டு படி வாங்கி, ஒன்றைத் தம் ஊர் நூலகத்திற்குத் தரலாம். திருமணப் பரிசாகவும் தரலாம். மெய்ப்புத் திருத்தத் தெரிந்தோர் திங்களுக்கு இரண்டு நாள் தரலாம்.

அங்ஙனம் மெய்ப்புத் திருத்த அமர்வோர் ஒன்றை நினைவிற் கொள்ளுதல் நன்று. எழுத்துப் பிழையைத் திருத்துக, சொல்லைத் திருத்தற்க. கள்ளை வடிகட்ட உதவும் பன்னாடையை நகரத்தார் வசைச்சொல்லாக மட்டுமே அறிவர். அதனை எழுதியவர் வசையாக எழுதவில்லை.