கச்சத்தீவைக் கேட்பவர்கள் சங்காயத்தையும் கேளுங்கள்

திருவண்ணாமலையில் மீன் விற்றுப் பிழைப்பவன் நான். பௌர்ணமிக்கு லட்சக்கணக்கில் ஜனம் மலையைச் சுற்றும். என் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருப்பேன். புரட்டாசியைச் சொல்லவே வேண்டாம். கடல் எங்களுக்கு நூறு கிலோமீட்டர் தள்ளி. ஆனாலும் தேர்தல் என்றால் எங்கள் ஊர் மேடைக்கும் கச்சத்தீவு வந்துவிடும். 2024-ல் பிரதமரே அதைக் கையில் எடுத்தார். 2025 ஏப்ரலில் மீட்கச் சொல்லிச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் இலங்கை அதிபர் அநுர குமார திசாநாயக்க தீவுக்கே நேரில் போய் நின்றார்.

தீவு மொத்தம் 285 ஏக்கர். குடிதண்ணீர் இல்லை, குடியிருப்பும் இல்லை. அந்தோணியார் கோயில் இருக்கிறது, வருஷத்துக்கு ஒரு திருவிழா. ராமநாதபுரம் ராஜாவின் ஜமீனில் இருந்த இடம். 1974-ல் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் போட்ட ஒப்பந்தத்தில் இலங்கைப் பக்கம் போனது. கொடுத்தது தவறு என்பதுதான் என் எண்ணமும். மீன்பிடி உரிமையும் 1976 மார்ச்சில் இரு அரசுகளும் பரிமாறிக்கொண்ட கடிதங்களோடு போயிற்று. எதிர்த்துக் கேட்க அப்போது இங்கே சட்டமன்றமே இல்லை. குடியரசுத் தலைவர் ஆட்சி.

இத்தனை சிறிய தீவுக்காக மல்லுக்கட்டுவதில் நாம் தனி ஆளில்லை. ஏஜியன் கடலில் ஆடு மேய்கிற இரண்டு பாறைகளுக்காக 1996-ல் கிரேக்கமும் துருக்கியும் போர்க்கப்பல்களை எதிரெதிரே நிறுத்தின. அளந்தால் பத்து ஏக்கர் தேறும். இன்னும் தீரவில்லை.

ஆனால் கச்சத்தீவு நாளைக்கே திரும்பி வந்தாலும் ராமேஸ்வரம் மீனவர்கள் இலங்கைக் கடற்படையிடம் கைதாவது நிற்காது. விசைப்படகுகள் தேடிப் போகிற இறால் இலங்கையின் நெடுந்தீவு, தலைமன்னார் பக்கம் இருக்கிறது. படகுகள் பிடிபடுவதும் பெரும்பாலும் அங்கேதான். நம் பக்கத்துக் கடலை அரைநூற்றாண்டாக இழுவைமடி போட்டு நாமே வழித்துத் தின்றுவிட்டோம்.

இழுவைமடியைப் படகில் கொட்டும்போது பார்த்திருக்கிறேன். முதலில் இறாலைப் பொறுக்கிக் கம்பெனிக்கு ஒதுக்குவார்கள். அடுத்து நண்டு, கணவாய். எங்களைப் போன்ற உள்ளூர்க் கடைக்கு வருகிற சங்கராவும் காரப்பொடியும் அதற்கும் பிறகு. மிச்சம் கிடப்பது விரல் நீளம்கூட வளராத குஞ்சு, பாசி, நட்சத்திர மீன், சேறு எல்லாம் கலந்த கூளம். சங்காயம் என்பார்கள். காயவைத்துக் கோழித் தீவனத்துக்குப் போய்விடும். அந்தக் குஞ்சுகளைக் கடலில் விட்டுவைத்திருந்தால் என் தராசில் ஏறியிருக்கும்.

இலங்கை இந்த மடியை 2017-ல் சட்டம் போட்டுத் தடை செய்தது. அந்த மசோதாவைக் கொண்டுவந்தவர் சுமந்திரன் என்ற அப்போதைய தமிழ் எம்.பி. எங்கள் மாவட்டத்து இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலிருந்து என் கடைக்கு வருகிற ஒரு அம்மாவின் தம்பி இலங்கையின் பேசாலையில் கடல்தொழில் செய்கிறார். “இரவில விட்ட வலை விடியப் பார்த்தா இல்லை அண்ணை, உங்கட றோலர் அறுத்துக்கொண்டு போயிட்டுது” என்று தம்பி சொன்னதை அந்த அம்மா சொல்லும்போது நான் மத்தி நிறுத்துக்கொண்டிருப்பேன், தலையை நிமிர்த்துவதில்லை. இலங்கையில் போர் நடந்த காலத்தில் வடக்கு மீனவர்களைக் கடலில் இறங்கவிடவில்லை. அவர்கள் இறங்காத கடலில் நம் படகுகள் அள்ளின. 2009-க்குப் பிறகு அவர்கள் திரும்பி வந்தார்கள், நாம் திரும்பவில்லை. இதைச் சொல்வதால் இலங்கைக் கடற்படை நம்மவர்களைச் சுட்டதும் அடித்ததும் நியாயமாகிவிடாது. ஆனால் வலையை இழந்து நிற்பவனும் தமிழன்தான் என்று எந்த மேடையிலும் யாரும் சொல்வதில்லை.

வழி இல்லாமலும் இல்லை. 2017-ல் மத்திய அரசும் மாநில அரசும் ஒரு திட்டம் போட்டன: பாக் நீரிணையின் இழுவைப்படகுகள் 2,000-ஐக் கழித்து, சூரை பிடிக்கும் ஆழ்கடல் படகுகளாக மாற்றுவது. படகு 80 லட்சம் ரூபாய், அதில் எழுபது சதவீதம் மானியம். சொன்னதில் சிறு பங்குதான் நடந்தது. மீதிப் பணத்துக்குக் கடன் வாங்கவே பலர் பயந்தார்கள். தவிர, சாயங்காலம் போய் விடியலில் கரை சேர்ந்து பழகிய ஆளை வாரக்கணக்கில் ஆழ்கடலில் கிட என்றால், அது வேறு தொழில். பழக்கிவிட ஆளும் அவகாசமும் வேண்டும். படகைக் கொடுத்துவிட்டு டீசலுக்கும் விலைக்கும் உத்தரவாதம் தராவிட்டால் எவன் போவான்?

அடுத்த முறை எங்கள் தெருவில் ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் அந்த 2,000 படகு என்ன ஆனது என்று கேட்கப்போகிறேன். கடலில்லாத ஊரில் இதைக் கேட்கிறாயே என்பார். கச்சத்தீவுக்கு மட்டும் இங்கே கடல் வந்துவிடுகிறதா?