பின்னலும் கண்ணிக் கணக்கும்

கார்த்திகை தீபத்தன்று தகப்பனார் தோளிலமர்ந்து 14 கிலோமீட்டர் கிரிவலம் வரும் குழந்தைக்குப் பனியைத் தாங்க ஒரு மேற்சட்டை வேண்டாமா? பின்னல் புஸ்தகங்களிலுள்ள மாதிரிகளோ பெரும்பாலும் குளிர்தேசத்துக் கம்பளி நூலுக்கென்று எழுதப்பட்டவை. திருவண்ணாமலைக் குளிருக்கு நமது பருத்தி நூலே போதுமென்பது நம் அபிப்பிராயம். ஆனால் புஸ்தகத்தின் கண்ணிக் கணக்கை அப்படியே கொள்ளலாகாது.

முதலில் ஆறங்குலச் சதுரமொன்று பின்னி, துவைத்து உலர்த்துங்கள். பருத்தி சுருங்கக் கூடியது. (சகோதரிகள் பலர் சலித்துக்கொள்வது இவ்விடத்தில்தான்!) பிறகு நடுவே 4 அங்குலத்தை அளந்து எண்ணுங்கள். 20 கண்ணிகள் இருந்தால் அங்குலத்துக்கு 5. குழந்தையின் மார்பளவு 24 அங்குலம், தளர்ச்சிக்கு 2, ஆக 26. சுற்றிலும் 130 கண்ணிகள். முன்புறம் 65, முதுகு 65. தைத்து இணைக்க இரண்டோரத்திலும் ஒவ்வொன்று கூட்டினால் 67.

கம்பளியைப் போல் பருத்தி இழுத்துவிட்டால் மீளாதாதலின், இடுப்புப்பட்டியை மட்டும் மெல்லிய ஊசியில் பின்னுவது உசிதம். நீளத்துக்குக் கணக்கு வேண்டியதில்லை. குழந்தையின்மேல் வைத்துப் பார்த்தே நிறுத்தலாம்.